சேட்டுப் பைக்குள் ஒரு பியூஸ்

இனி அயன் பெட்டியைத் தொடுவதேயில்லை என்று லிங்கநகர் றெக்சன் சனிக்கிழமை பின்னேரம் முடிவெடுத்தார்.

தவக்காலத்தில் ஒருநாள் பக்தி கொஞ்சம் கூடிப்போய், "பூசைக்குப் போடுற உடுப்பெல்லாம் இனி நான்தான் அயன் பண்ணுவன்" என்று வாயை விட்டிருந்தார். உயிர்த்த ஞாயிறும் வந்து போனது. மனைவி இன்பமலரின் கணக்கில் தவக்காலம் இன்னும் முடியவில்லை.

இன்றைக்கோ பக்கத்து வீட்டு யோசேப்பின் முற்றத்தில் கரம் பலகை இறுதியாட்டம். கப்பல்துறை ஊர்க்காரரை எதிர்த்து யோசேப்புக்கு ஜோடி றெக்சன்.

ஆகவே அயனின் பிளக்கைத் திறந்தார். உள்ளே இருந்த சின்னப் பியூஸை எடுத்து, மாட்டியிருந்த சேட்டின் பையில் போட்டார். பழையபடி பூட்டினார்.

"மலர், அயன் செத்துப்போச்சு."

"நேற்று நல்லாத்தானே இருந்தது?"

"சாவு நாள் பாத்தோ வாறது? நில்லும், விஞ்ஞானபூர்வமாக் காட்டுறன்."

கரண்ட் பார்க்கிற புது மல்ரிமீற்றரைக் கைக்குழந்தைபோல ஏந்தி வந்தார். அதை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. கரண்ட் ஆம்பிளையின் வேலையாம். அந்தக் கரண்டில் சூடாகிற பெட்டி மட்டும் பொம்பிளையின் வேலையாம். எந்தச் சபை கூடி இப்படிப் பங்கு பிரித்ததோ!

"முதல்ல சுவரில கரண்ட் வருதோ பாப்பம்" என்று மீற்றரின் கம்பிகளைச் சொக்கற்றுக்குள் விடப் போனார்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ! சிவப்பு வயர் பத்து அம்பியர் ஓட்டையிலயெல்லோ நிக்குது? அப்பிடியே விட்டா மீற்றரும் போம், நீங்களும் போவியள். வோல்ட் ஓட்டைக்கு மாத்துங்கோ. நடுவில இருக்கிற திருகியை ஏசி வோல்டில, பெரிய எண்ணில வையுங்கோ. கம்பி நுனியில விரல் படக்கூடாது."

"உமக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?"

"மீற்றர் வந்த பெட்டிக்குள்ள தாள் ஒண்டு இருந்தது. நீங்கள் அதில மிக்சர் கொட்டிச் சாப்பிட்டனீங்கள். முடிய நான் வாசிச்சனான்."

மீற்றர் 231 காட்டியது. சுவரில் குறையில்லை. அடுத்து, திருகியை மாற்றி, கழற்றிக் கிடந்த அயன் பிளக்கின் கீழ்க்கால்கள் இரண்டிலும் கம்பிகளை வைத்தார். உள்ளே வயர் அறாமல் இருந்தால் 'பீப்' என்று கத்தவேண்டிய மீற்றர் வாயே திறக்கவில்லை.

"பாத்தீரோ? செத்திட்டுது."

இன்பமலர் உதட்டைப் பிதுக்கினாள். "செத்தது அயனோ மீற்றரோ, ஆருக்குத் தெரியும்? யோசேப் அண்ணையும் சொன்னவர், உது பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் எண்டு."

றெக்சனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அயனைப் பற்றி என்னவும் சொல்லலாம். மீற்றரைப் பற்றியோ?

"விளையாட்டுச் சாமானோ! நல்ல பியூஸ் ஒண்டில வைச்சுக் காட்டுறன், பாரும்!"

சேட்டுப் பைக்குள் கையை விட்டார். பியூஸை மேசையில் வைத்து இரண்டு முனையிலும் கம்பிகளை அழுத்தினார்.

பீப்!

"கேட்டீரோ? என்ன மாதிரி வேலை செய்யுது!"

"ஓம், கேட்டது. நல்ல மீற்றர். நல்ல பியூஸ். அது ஏன் உங்கட சேட்டுப் பைக்குள்ள கிடந்தது?"

றெக்சன் மீற்றரின் கம்பிகளை அவசரமாகச் சுருட்டத் தொடங்கினார்.

மதிலுக்கு மேலால் யோசேப்பின் தலை தெரிந்தது. "டேய் றெக்சன், வாறியோ?"

"அவருக்கு வர ஏலாது அண்ணை, அயன் சுகமாயிட்டுது" என்றாள் இன்பமலர், செருப்பை மாட்டியபடி. "நான் வாறன்."

றெக்சன் பியூஸைப் போட்டு, அவளுடைய சேலையை விரித்து, பாதி தேய்த்திருப்பார். அங்கே ஒரே கைதட்டல். யோசேப்பின் தலை திரும்பவும் மதிலில்.

"மச்சான், சிவப்புக் காய் எங்களுக்கு, வெண்டிட்டம்! உன்னைவிட மலர் திறமடா. வாற சனியும் நீ அயனோடயே நில்லு!"