சைரனின் கால்

மர்பி டவுனில் சைரனைவிடச் சத்தமான மனிதர் யாரும் கிடையாது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துச் சங்கு பழுதான நாட்களில் தன்னைத்தான் மேலே நிறுத்திக் கூவ வைத்தார்கள் என்பார்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவர் பால் பாக்கெட் கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்கள் கதவைத் திறப்பார்கள்.

எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர் அவர்தான். கொயரில் நாங்கள் எட்டுப் பேர். ஞாயிறுதோறும் பூசைக்கு முன் எங்கள் பக்கம் திரும்பி மிரட்டுவார்.

“எட்டுப் பேரும் சேந்து கத்துனாலும் ஒரு மிக்ஸி சத்தம் வராது. இன்னிக்கு பெடல ஃபுல்லா மிதிக்கப் போறேன். கேக்கணும்னா தொண்டையத் தெறங்க!”

ரோஷத்தில் நாங்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவோம்.

ஒரு ஞாயிறு ஆர்கன் மக்கர் செய்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலை லேசாக அழுத்தினால் ஊமை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரேயடியாக அலறல். நற்கருணை நேரத்தில் அது அலறியதில் முன்வரிசையில் ஒருவரின் ஜெபமாலை எகிறி விழுந்தது.

“மிதிச்சு மிதிச்சே ஒடச்சிட்டாரு, ஃபாதர்” என்றது கொயர். சைரன் பெருமையாகத் தலையாட்டினார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலன்னா பென்டிரைவ்ல மியூசிக் போட்டுக்கலாம்” என்றார் ஃபாதர். சைரன் அப்போதே குனிந்து பெடலைக் கழற்றத் தொடங்கினார்.

சனிக்கிழமை அவரும் நானும் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனோம். பஸ்ஸில் பெடலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கெட்டுப்போனது அதற்குள் சத்தத்தை ஏற்றி இறக்கும் பொட்டென்ஷியோமீட்டர். கடைக்காரர்கள் மொழியில் பாட். முதல் கடையில் கிடைத்ததற்குத் தண்டு குட்டை. இரண்டாவதில் தண்டு தடிமன். மூன்றாவது கடைக்காரர் பெடலையே மாற்றச் சொன்னார்.

“ஏம்ப்பா, செருப்பு கடிச்சா கால மாத்துவியா?” சைரன் கேட்டது சிட்டி மார்க்கெட் வரை போயிருக்கும்.

நாலாவது கடைக்காரர், “ஸ்வல்ப இருங்க சார்” என்று கன்னடம் கலந்து சொல்லி, பழையதைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளே குதிரை லாடம் மாதிரி ஒரு கறுப்புத் தடம். ஒரு முனை மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. மிச்சமெல்லாம் புதுசு.

“யாரு சார் இத மிதிக்கிறது? கால்வாசிய தாண்டுனதே இல்லியே. சத்தம் கம்மியா வர்ற எடம் மட்டும்தான் தேஞ்சிருக்கு.”

நான் சைரனைப் பார்த்தேன். அவர் மேலே தொங்கிய வயர் கட்டுகளைப் பார்த்தார்.

“கொயர்ல சொல்லிடாதப்பா” என்றார், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி. அவருக்கு அப்படியும் பேசத் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. “அப்புறம் எவனும் வாயத் தெறக்க மாட்டான்.”

கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, அதே தண்டு உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆர்கன் ஒழுங்காக முனகியது. சைரன் எங்கள் பக்கம் திரும்பினார்.

“புதுசு போட்டிருக்கேன். இன்னியோட ஒங்க கத முடிஞ்சுது!”

ஏழு பேரும் கழுத்தை நீட்டித் தயாரானார்கள். நான் பெடலைப் பார்த்தேன். தூங்குகிற பூனைமேல் வைத்ததுபோல் அவர் கால் அதன்மேல் இருந்தது.

எதுவும் தெரியாதவன் மாதிரி, நானும் தொண்டை கிழியப் பாடினேன்.