மன்னருக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்

நொச்சிக்காட்டுப்புதூர் ஊராட்சியில் ஏழு குக்கிராமங்கள் அடங்கும் என்று அரசுப் பதிவேடு கூறுகிறது. பதிவேடு பொய் சொல்லாது. ஏழாவது குக்கிராமமான மேட்டுக்கிணத்தூரில் ஆள் யாரும் இல்லை என்பது மட்டுமே சிறு குறை. கிணறு வற்றி, கடைசிக் குடும்பம் சோமனூருக்குக் குடிபெயர்ந்து நாற்பது வருடமாகிறது. இப்போது அங்கே சீமைக்கருவேலமும் மயிலும் குடியிருக்கின்றன.

அதற்கு ஒரு கிலோமீட்டர் கிழக்கே, தறிக்காட்டில் தொண்ணூறு வீடுகளும் முந்நூறு விசைத்தறிகளும் இருக்கின்றன. ஆனால் அது பதிவேட்டில் இல்லை. அதனால் குழாயும் இல்லை. வாரம் இருமுறை லாரித் தண்ணீர்தான். ஓட்டு மட்டும் உண்டு. அந்த ஓட்டில் ஊராட்சித் தலைவரானவர் அங்கேயே தறி ஓட்டும் முத்தாத்தாள்.

சென்ற வருடம் மேட்டுக்கிணத்தூருக்கு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று அனுமதியானது. இடம் பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து அதிகாரி ஸ்ரீனிவாஸ் வந்தார். முத்தாத்தாளும் ஊராட்சிச் செயலர் பொங்கியண்ணனும் அவரை முள்ளுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

“ஏனுங்க சார், இங்க தொட்டி கட்டுனா ஆருங்க குடிப்பாங்க?” என்றார் முத்தாத்தாள்.

“மக்கள்தொகை இருநூத்திப் பன்னெண்டு இருக்கேம்மா.”

“எங்கீங்க?”

“ஃபைல்ல.”

“அப்ப தண்ணியவும் ஃபைல்லயே ஊத்திப்போடுங்க. தொட்டிய எங்க தறிக்காட்டுல கட்டுங்க.”

“தறிக்காடுன்னு ஒரு ஊரே இல்லையேம்மா,” என்றார் ஸ்ரீனிவாஸ் உண்மையான வருத்தத்தோடு. அன்று காலை அவர் டீ குடித்தது தறிக்காட்டில்தான்.

முத்தாத்தாள் சண்டை போடவில்லை. மறுநாளே தறிக்காட்டு முகப்பில் ‘மேட்டுக்கிணத்தூர்’ என்று போர்டு நட்டுவிட்டார். கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அதே பேர் ஏறியது. ஊருக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஊர் வேண்டும், பொருத்தம் அமைந்துவிட்டது. ஸ்ரீனிவாஸ் போர்டைப் படம்பிடித்து, ‘குக்கிராமம் கண்டறியப்பட்டது’ என்று குறிப்பெழுதி, நிம்மதியாகக் கையொப்பமிட்டார். ஆறே மாதத்தில் தொட்டி எழுந்தது.

திறப்புக்கு முன் ஒரே ஒரு படிவம் பாக்கி. இணையதளத்துக்காக, ‘ஊரின் தோற்றமும் தொன்மையும்’. பொங்கியண்ணன் உள்ளதை எழுதினார்: ‘மனை மலிவாகக் கிடைத்ததால் தொண்ணூற்று நான்கில் நாலு தறிக்காரர்கள் வந்து குடியேறினார்கள்.’

படிவம் திரும்பி வந்தது.

“இதெல்லாம் வரலாறாங்க?” என்றார் ஸ்ரீனிவாஸ் போனில். “பக்கத்து ஊராட்சில ஆயிரம் வருசத்துக்குக் கொறஞ்சு ஒண்ணுகூட வரலை. உங்க ஊருக்கு ராஜா கீஜா யாரும் வந்ததில்லையா?”

“பஸ்ஸே வாரதில்லீங்க சார்.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

பொங்கியண்ணன் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, வேட்டையாடிக் களைத்த மன்னர் ஒருவரை வரவழைத்தார். ஊரார் ஒருவர் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மன்னர் மகிழ்ந்து ஊரையே கொடுத்துவிட்டார். படிவம் உடனே ஏற்கப்பட்டது.

அது வாட்ஸப்பில் பரவிய அன்று ஊரே நெஞ்சு நிமிர்த்தி நடந்தது. மறுநாள் ஒரு கேள்வி எழுந்தது: சொம்பு கொடுத்தது யாருடைய முப்பாட்டன்? மூன்று குடும்பங்கள் உரிமை கோரின. திறப்புவிழாக் கல்வெட்டில் தங்கள் பேர் இல்லாமல் குழாயைத் திறக்கவிட மாட்டோம் என்றன. ஒரு குடும்பம் அந்தச் சொம்பையே கொண்டுவந்து காட்டியது, அது எவர்சில்வர். கடைசியில் வழக்குப் போட்டுத் தடையும் வாங்கினார்கள். தொட்டி நிறையத் தண்ணீர்; குழாய்க்குப் பூட்டு.

முத்தாத்தாள் கெஞ்சிக் கேட்டதால் பொங்கியண்ணன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கைகூப்பினார். “அந்த ராஜாவ நாந்தானுங்க எழுதுனேன். அப்பிடி ஆரும் வரவே இல்லீங்க.”

மூன்று குடும்பங்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, கோபத்திலும் மரியாதை குறையாமல் கத்தின: “எங்க வரலாற இல்லைன்னு சொல்றதுக்கு நீங்க ஆருங்க?”

செயலரை உடனே மாற்றக் கோரி மனு தயாரானது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வரிசையிலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பொங்கியண்ணன் மனுவை வாங்கிப் பார்த்தார். முதல் கையெழுத்து தலைவருடையது.

“ஏனுங்கம்மா, நீங்களுமா?”

“கோவிச்சுக்காதீங்க. எலக்சன் வருதுங்க,” என்ற முத்தாத்தாள் குரலைத் தாழ்த்தினார். “அதுவுமில்லாம, சொம்பு குடுத்தது எங்க மாமனார் வகையறாவாட்டந்தான் தெரியுதுங்க.”