ஐந்து போன் விவகாரம்: சம்பந்தி அவர்களின் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம்.

இங்கே நானும் என் மகனும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமாக இருக்க வழியில்லை என்று எனக்கே தெரியும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை போன் செய்து உங்கள் நிம்மதியைக் கெடுத்தவன் நான்தான். மகளை அழைத்துப் போக ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றீர்களே, வர வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டு மொத்தமாகத் திட்டவும்.

வீட்டின் முன்பக்கம் என் மூக்குக்கண்ணாடிக் கடை, பின்பக்கம் குடித்தனம் என்பது தாங்கள் அறிந்ததே. டீ குடிக்கப் பின்னால் போகும்போதெல்லாம் பார்ப்பேன், சாப்பாட்டு மேஜையில் உங்கள் மகள், எதிரே கம்ப்யூட்டர், பக்கத்தில் வரிசையாக ஐந்து போன், குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று, முறம் மாதிரி அகலமாக ஒன்று, ஐந்திலும் ஒரே இன்டர்நெட் பக்கம். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறாள், வெளியே இழுக்கிறாள், மறுபடியும் உள்ளே தள்ளுகிறாள், முகத்தைச் சுளிக்கிறாள். காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான். பத்தாவது தாண்டாத என் மூளைக்கு, பிள்ளைக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று தோன்றிவிட்டது. ஒருத்திக்கு எதற்கு ஐந்து போன் என்று இன்னொன்றும் தோன்றியது, அதையும் தங்களிடம் சொல்லித் தொலைத்தேன். எட்டு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், "என்ன வேலைம்மா பாக்கற?" என்று ஒருநாள் கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

புதன்கிழமை காலை சம்பந்தியம்மா அவளிடம் போனில் அழுதிருக்கிறார்கள். நேரே கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு மனசு சரியில்லைன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அவ்வளவு பச்சையா சொல்லலைம்மா. கொஞ்சம் பக்குவமாத்தான்..."

"நான் இங்க இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

கையிலிருந்த ஸ்க்ரூ விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்க்ரூ கிடைத்த பிறகும் வெளியே வர முகமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தார். தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்து நொறுக்கியவர்.

"எங்கய்யா கடைக்காரன்?" என்றார். தலையை மட்டும் நீட்டினேன். "கண்ணாடி உடைஞ்சவன்தானேய்யா உன்னைத் தேடுவான்? போன்ல உன் கடைப் பக்கத்தைத் திறந்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உன் நம்பரைப் படிக்க இன்னொரு கண்ணாடி வாங்கணும் போல. அதை எந்தக் கடையில வாங்கறது?"

கடைக்கான அந்த இன்டர்நெட் பக்கம் உங்கள் மாப்பிள்ளை தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தது. கடைக் கம்ப்யூட்டரில் ராஜா மாதிரி இருக்கும். போனில் எப்படி இருக்கும் என்று அப்பனும் பார்த்ததில்லை, பிள்ளையும் பார்த்ததில்லை. உங்கள் மகள்தான் முதலில் சிரித்தாள். அவர் போனை வாங்கி என்னிடம் காட்டினாள்.

"இதுதான் மாமா என் வேலை. ஒரே பக்கம் சின்ன போன், பெரிய போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஒழுங்கா உக்காரணும். ஓரத்தை இழுத்துப் பாத்தாத்தானே எந்த அகலத்துல குலையுதுன்னு தெரியும்? அந்த அஞ்சும் ஆபீஸ் போன்."

"நான் ஒவ்வொருத்தர் மூக்குக்கும் ஃப்ரேமை வளைச்சுப் பாக்கற மாதிரியா?"

"அதேதான் மாமா. எனக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி."

சம்பந்தி, அவள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அன்றைக்கே நம் கடைப் பக்கத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, வாத்தியாரையும் என்னையும் அந்த ஐந்து போனோடு உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா, பொத்தான் விரலுக்கு அகப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இப்போது போனில் திறந்தால் முதலில் நம்பர்தான், கொட்டை கொட்டையாக. மற்றதெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கிறது. நம்பரைத் தொட்டால் போதும், போன் போகும். வாத்தியார் தொட்டார். என் பையில் மணி அடித்தது. எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்றேன். "பக்கத்துல உக்காந்திருக்கேன்யா" என்றார்.

இப்படி ஒரு பெண்ணை வளர்த்து இந்த மடையன் வீட்டுக்கு அனுப்பிய உங்கள் இருவருக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்றுதான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து பொடியாகத் தெரிந்தால் விரலால் இழுத்துப் பெரிசாக்கிக்கொள்ளவும். நீங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அவசரக்குடுக்கைச் சம்பந்தி.

பி.கு.: கடைக் கம்ப்யூட்டரில் நம் பக்கத்தின் உச்சியில் கோட்டு போட்ட என் படம் இருக்கிறது. பூரிப்பில் இப்போதுதான் என் போனில் திறந்து பார்த்தேன். படத்தைக் காணோம். கேட்டால், "சின்ன ஸ்க்ரீன்ல அவசியமானதை மட்டும்தான் மாமா விடுவோம்" என்கிறாள். என் மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆகவே கடிதத்தின் மேலே "வர வேண்டாம்" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கட்டாயம் வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசவும். பெட்டியில் அவள் துணிமணிக்கென்று இடம் எதுவும் விட்டுவைக்க வேண்டாம்.