கதவைப் பிடிக்கும் வேலை

தொலைக்காட்சியைப் பார்த்து ஆட்களை எடைபோடக் கூடாது. நான் போட்டேன். முதுகு போய்விட்டது.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் வேலை இல்லை. இங்கிலீஷ் படிக்கலாம் என்று நாள் முழுக்க அமெரிக்க நகைச்சுவை நாடகங்கள் பார்த்தேன். அவற்றில் யூத ஆண் என்றால் ஒரே அச்சு. மெலிந்த உடம்பு. கண்ணாடி. தூசு பட்டால் தும்மல். எதைக் கண்டாலும் பயம். வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் போன் வந்துவிடும். இங்கிலீஷ் ஏறவில்லை. இது மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்கும் வேலை ஒன்று வந்தது. ஒருநாள் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் நிரந்தரம். மனைவி வாசலில் நின்று, "இதையும் குழப்பிப்போட்டு வராதேங்கோ" என்றாள். (முன்பு குழப்பியவை பற்றி இங்கே பேச்சில்லை.)

முதலாளி பெயர் ஜோஷ். தலையில் யூதர்கள் போடும் சின்ன வட்டத் தொப்பி. மெலிந்தவன். கண்ணாடி. லொறிக் கதவைத் திறந்ததும் தும்மினான். போன் அடித்தது. அம்மா. எனக்குப் பாவமாகிவிட்டது.

கோல்பீல்டில் ஒரு மாடி வீடு. லிப்ட் இல்லை. வாஷிங் மெஷினை இறக்க வேண்டும். தூக்குவதற்குத் தோளில் மாட்டும் பட்டியை நீட்டினான். வேண்டாம் என்றேன். இரண்டு பேராகப் பிடிப்போம் என்றான். அவனை மெதுவாக ஓரம்கட்டிவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:

"நீ கதவைப் பிடி."

என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிடித்தான்.

பாதிப் படியில் முதுகில் ஏதோ டக்கென்றது. மெஷின் என்மேல் சாய்ந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன். கூப்பிடவில்லை. ஆம்பிளை. (மூச்சும் வரவில்லை.)

ஜோஷ் இறங்கி வந்தான். பட்டியை மாட்டி, மெஷினைத் தன் முதுகில் ஏற்றித் தனியாகக் கீழே கொண்டுபோய் வைத்தான். ஒருமுறை தும்மினான். திரும்பி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டான்.

அப்போது என் போன் அடித்தது. அவனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா.

"மோனை, சாப்பிட்டியோ? குளிருக்குத் தொப்பி போட்டனியோ?"

ஜோஷுக்குத் தமிழ் தெரியாது. படியிறங்கிக்கொண்டே கேட்டான்.

"அம்மாவா?"

"ஓம்."

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாரா?"

"ஓம்."

"பதில் சொல்லு. இல்லாவிட்டால் திரும்பவும் அழைப்பார்."

"சாப்பிட்டனான் அம்மா" என்றேன், தலைகீழாகத் தொங்கியபடி.

டொக்டரிடம் போகும் வழியில் அவன் ஒன்று சொன்னான். என்னை வேலைக்கு எடுத்ததே, இந்தியா இலங்கைப் பக்கத்து ஆள் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் திருத்துவேன் என்றுதானாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றேன். அவனும் ஏதோ நாடகம் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவன், மனைவியிடம் முழுவதையும் சொன்னான். நடித்தும் காட்டினான். முதுகு சரியானதும் வேலைக்கு வரச் சொன்னான். இன்றுவரை அவனிடம்தான் இருக்கிறேன். பட்டி போடாமல் எதையும் தொடுவதில்லை.

போன மாதம் வீட்டுக்குப் புதுப் பிரிட்ஜ் வந்தது. நான் எழும்பினேன். மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்பா, யூ ஹோல்ட் த டோர்" என்றாள் மகள்.

பிடித்தேன்.