இடுப்பில் கட்டிய துரை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் நாய் எங்களிடம்தானே இருக்கிறது. இங்கே உங்கள் மாமியார் சுகம். துரை பரம சுகம். எனக்கு வலது முட்டியில் தோல் இல்லை, மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

"மாமா, உங்கள் வயதுக்கு இது வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து துரையைக் கூட்டிப் போய் நாய் விடுதியில் விட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். வரவும் வேண்டாம், விடவும் வேண்டாம். இந்த வீட்டில் நான் பேசுவதை நடுவில் எழுந்து போகாமல் கேட்கிற ஜீவன் அவர் ஒருவர்தான். நடந்ததற்கு என் வயதும் காரணமில்லை, துரையும் காரணமில்லை. வார்தான் காரணம். இடுப்பில் கட்டிக்கொண்டால் கையை வீசி நாயோடு ஓடலாம் என்று வாங்கி அனுப்பினீர்களே, அந்த வார்.

வாழ்நாளெல்லாம் கிரேன் கொக்கிக்குச் சுமை கட்டிக் கொடுத்தவன் நான். எந்தக் கயிறு எதைத் தாங்கும் என்று எனக்குப் புத்தகம் சொல்லவில்லை, கயிறே சொன்னது. எங்கள் தொழிலில் இழுபடுகிற கயிற்றை நம்பக் கூடாது. அப்புறம், விசில் அடித்தால் நின்றாக வேண்டும். கிரேன் நிற்கும், லாரி நிற்கும், முதலாளியே வந்தாலும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்பார். அந்த விசில் இன்றைக்கும் என் கழுத்தில்தான் தொங்குகிறது, ஓடும்போதும்.

உங்கள் வாருக்குள் ரப்பர் வைத்துத் தைத்திருக்கிறான். முதல் நாள் தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. முறைப்படி விசில் அடித்தேன். துரை பாய்ந்தார். ரப்பர் நீண்டது, இன்னும் நீண்டது, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அட பரவாயில்லையே என்று நினைத்தேன் பாருங்கள், அப்போது சுருங்கியது. உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி பறந்து, முடிதிருத்தும் கடைக்குள் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் துணியைப் போர்த்தி, "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்றார். வந்ததுக்கு ஷேவிங் பண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரை நானே செய்தேன். லாரியைத் தூக்குகிற பட்டை, ரப்பர் என்கிற பேச்சே இல்லை, வளையத்தை இடுப்புக்குப் பக்கவாட்டில் தைத்தேன். தொழில் வழக்கப்படி சோதனையும் செய்தேன். ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை பீரோவில், உங்கள் மாமியாரைப் பீரோவைத் தள்ளச் சொன்னேன். "இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினாள். பட்டை தாங்கியது. மறுநாள் காலை, மதில் சுவர்த் தகராறில் என்னோடு வருஷக்கணக்காகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்மேல் மோதிவிடக் கூடாதே என்று இரண்டு விசில் அடித்தேன். துரை இரண்டு மடங்கு வேகத்தில் கம்பத்தைச் சுற்றினார். பக்கவாட்டு வளையமல்லவா, நான் பம்பரமானேன். கடைசியில் கம்பம், அவர், நான் எல்லாம் ஒரே கட்டு, மூக்கோடு மூக்கு. "பல்லு தேய்ச்சீராய்யா?" என்றார். இத்தனை காலம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது. "உம்ம மூஞ்சில முழிப்பேன்னு தெரிஞ்சிருந்தா தேய்ச்சிருப்பேன்" என்றேன். மறுபடி பேச்சு நின்றுவிட்டது.

சரி என்று கடைக்கே போனேன். அங்கிருந்த பெண் ஒரு வாரை நீட்டினாள். எவ்வளவு இழுவை தாங்கும் என்று கேட்டேன். "சார், இது நாய்க்கு. யானை வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"கிழிஞ்சா?"

"மாத்திக் குடுப்போம் சார்."

"நான் கிழிஞ்சா?"

"அதுக்கு இந்தக் கிளிப்பு. இழுத்தா வார் மொத்தமும் கழண்டுக்கும்."

நல்ல யோசனை. ஒரு இடுப்புக்கு எதற்கு இரண்டு பெல்ட் என்று காற்சட்டை பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இதையே கட்டிக்கொண்டு போனேன். பூங்கா வாசலில் பெண்கள் கூட்டம். விசில் அடித்தேன், துரை பறந்தார், கிளிப்பை இழுத்தேன். அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. வார் துரையோடு போயிற்று, காற்சட்டை பூமியோடு போயிற்று. அதை யாரோ படம் பிடித்து, அது ஊர் சுற்றி உங்கள் கைபேசிக்கு வந்து, அதைப் பார்த்துத்தானே இந்த விடுதிப் பேச்சு?

ஆகவே என் தீர்மானம்: வார் தொப்பையில் உட்காரக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். வளையம் முன்பக்கம் நகர வேண்டும். ரப்பர் ஒரு சாண் போதும். கிளிப் இருக்கலாம், காற்சட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் கூடாது. அப்படி ஒன்று வாங்கி அனுப்புங்கள். என்மேல் பிசகு என்று யாராவது சொன்னால் நேரில் வந்து சொல்லட்டும்.

நீங்களும் மகளும் நீண்ட ஆயுளோடு, சண்டை போட்டாலும் ஒரே வீட்டுக்குள் போட்டுக்கொண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு தப்பும் செய்யாத
மாமனார்

பி.கு.: கடிதத்தை உங்கள் மாமியார் வாங்கிப் படித்துவிட்டு, "விசிலடிச்சா ஓடணும்னுதானே மாப்பிள்ளை அதைப் பழக்கியிருக்காரு? கொண்டுவந்து விட்ட அன்னிக்கே சொன்னாரே. நீங்க எங்க கேட்டீங்க, கயித்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தீங்க" என்கிறாள். நான் நம்பவில்லை. துரையை இடுப்பில்தான் கட்டியிருந்தேன், கூடத்தில் நின்று ஒரே ஒரு விசில் அடித்துப் பார்த்தேன். மீதியை வாசற்படியில் கிடந்தபடி எழுதுகிறேன். இப்போது இடது முட்டியிலும் தோல் இல்லை. மேலே வார்களைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அதற்காக நான் தப்பு என்று ஆகிவிடாது. உலகமே விசிலுக்கு நிற்கும்போது நாய்க்கு மட்டும் தலைகீழாகப் பழக்கிய ஆள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். துரையைக் கூட்டிப் போக அல்ல. அவரை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இந்தத் தடவை நடுவில் பேச மாட்டேன்.