மண்ணுக்குள் போன புள்ளி

ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், வாழ்நாளில் பாதியை ரோட்டில் மல்லாந்து கிடந்தே கழித்த ஒரே மனிதர் ஏற்காட்டின் சென்டர் பாய்தான். ஏரிக்கரையில் சுற்றுலாக் கார் எது நின்றாலும் அடியில் புகுந்துவிடுவார். குடும்பம் படகு விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பம்பருக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "ஐயோ, ஆளு மாட்டிக்கிட்டாரு!" என்று அலறுவார்கள். அடியிலிருந்து சாவகாசமாகக் குரல் வரும்.

"பயப்படாதீங்க. உங்க வண்டிக்கு ரோல் சென்டர் நல்லா இருக்குதுங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க."

மஞ்சக்குட்டை ரோட்டில் தகர ஷெட் போட்டிருந்த மெக்கானிக் அவர். சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். என் வருமானத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா என்று கேட்காதீர்கள். என் அம்மாவே நிறையக் கேட்டுவிட்டார். பழைய சிவப்பு வண்டி, இரண்டே சீட்டு. நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய கோமதி கீழே சேலத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா அரிசி மண்டிக்காரர். இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார். ஆனால் மலை பஸ்ஸில் ஏறினால் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி நிச்சயம்.

"ஏனுங்க தம்பி, பொண்ணை மேல கட்டிக் குடுத்துட்டு, பார்க்க வர்றப்பல்லாம் வயித்தைக் காலி பண்ணிட்டா வர முடியும்? இருபது வளைவும் வாந்தி எடுக்காம என்னைய ஏத்திட்டுப் போங்க. அப்பறம் தேதி குறிக்கலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். வண்டியைத் தாழ்த்தினால் ஆட்டம் குறையும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே! கீழே ஒரு கடையில் ஸ்பிரிங்குகளை வெட்டச் சொல்லி மூன்று விரற்கடை இறக்கினேன். பார்க்க ஜோராக இருந்தது. ஓட்டிப் பார்த்தால், முன்பு கொஞ்சம் சாய்ந்த வண்டி இப்போது விருந்து சாப்பிட்டவர் திண்டில் சாய்வதுபோல் சாய்ந்தது. எட்டாவது வளைவில் எனக்கே குமட்டியது.

பாயிடம் ஓடினேன். வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் என் கையைப் பிடித்தார்.

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான் பாய்."

"உனக்கு நொம்பத் தைரியம், கண்ணு. வளைவுல வண்டி ஒரு புள்ளியச் சுத்தித்தான் சாயும். அதான் ரோல் சென்டர். எடைக்குன்னு இன்னொரு புள்ளி மேல இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடுனா சாய்வும் கூடும். நீ மூணு விரக்கடை எறக்குன. எடையும் மூணு விரக்கடைதான் எறங்குச்சு. ஆனா இந்த ரோல் சென்டர் எங்க போச்சு தெரியுமா?"

சுவரில் சாக்பீஸால் சக்கரம் வரைந்தார், அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை வரைந்தார், கோடுகளை நீட்டிக்கொண்டே போனார். கோடு தரையைத் தொட்டது. நிறுத்துவார் என்று பார்த்தால், மனிதர் கடப்பாரையை எடுத்துத் தரையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்! ஒரு சாண் ஆழம் போனதும் விரலை விட்டுக் காட்டினார்.

"இந்தா, இங்க போயிருச்சு."

அவர் ஷெட் முழுக்க ஏன் குழியாக இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஆசைப்பட்டுத் தாழ்த்திய கார். வண்டி சரியானால்தான் குழியைச் சிமெண்ட் பூசி மூடுவார்.

"சக்கரத்துப் பக்கம் கை கீழ சரிஞ்சிருக்கோணும். உன்னுது மேல பார்த்துட்டு நிக்குது" என்று சொல்லி, கையின் வெளிமுனையைக் கீழே இறக்க இரும்புத் துண்டு கடைந்து பொருத்தினார். பிறகு சோதனை. பக்கத்து சீட்டில் கோமதியின் அப்பாவுக்குப் பதிலாக ஒரு முழுப் பலாப்பழம். பெல்ட் போடக் கூடாது. போட்டால் பழம் நிஜத்தைச் சொல்லாதாம். பாய் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். இறக்கத்தில் மூன்றாவது வளைவிலேயே பழம் முள்ளோடு என் மடியில் குதித்தது. நான் போட்ட கூச்சல் வாழவந்தி கிராமம்வரை கேட்டிருக்கும்.

பாய் ஓடி வந்து கேட்டார்: "பழத்துக்கு அடியா?"

வெட்டிய ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்தார். "ஒரு விரக்கடை எறங்குனாப் போதும். அழகும் இருக்கும், மாமனாரும் இருப்பாரு" என்று புதிய ஸ்பிரிங் மாட்டினார். இந்த முறை இருபது வளைவுக்கும் பழம் அசையவில்லை. பாய் அன்று மாலையே என் குழியை மூடினார்.

கோமதியின் அப்பா மடியில் பிளாஸ்டிக் பை, கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறினார். ஐந்தாவது வளைவில் கண்ணை மூடினார். பத்தாவதில் வாய் திறந்தது. போச்சு, கல்யாணம் போச்சு என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். குறட்டை! ஏரிக்கரையில் எழுப்பினேன். "ஏனுங்க, வளைவு எப்ப வரும்?" என்றார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த பாய் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நவுந்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு முழங்கால் வலி முற்றிப் பாயால் வண்டிக்கு அடியில் படுக்க முடியவில்லை. சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "இங்க எல்லாரும் நேராவே போறாங்க கண்ணு. என்னத்தப் பார்க்கறது?" என்று போனில் அலுத்துக்கொள்கிறார். அவர் இல்லாத ஏரிக்கரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாரைச் சேலத்திலிருந்து மேலே கூட்டி வருகிறேன். இருபதாவது வளைவு தாண்டியதும் பாய்க்குப் போன் போடுவேன். "பழம் நவுந்துச்சா?" என்பார். மாமனாரே போனை வாங்கி, "இல்லீங்க பாய், வெச்ச எடத்துலயே இருக்கறேன்" என்கிறார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும். மகளைப் பார்க்க வருவதாக மாமனார் சொல்லிக்கொள்கிறார். எங்கள் இருவருக்கும் தெரியும், அந்தச் சிரிப்புக்காகத்தான் வாராவாரம் மலை ஏறுகிறோம்.