அடுத்த அதிகாரத்துக்குள் புகுந்த கல்யாணம்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் மெர்லினின் தங்கை சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் வழக்கப்படி ‘கர்த்தருக்குள் வாழ்த்துகள்’ என்று தொடங்கத்தான் நினைத்தேன். நேற்று எங்கள் ஆலயத்தில் கல்யாணத்தின்போது நடந்ததற்குப் பிறகு வேத வார்த்தை எதையும் உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அங்கே காப்பாரில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் யாரும் நலமாக இல்லை.

அத்தை, எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். பாஸ்டரோ, அக்காவோ, உங்கள் மகனோ இல்லை. வேத வாசகத்தைத் திரையில் காட்டும் வேலை என்னுடையது. எங்களிடமிருந்த கோப்பில் வரிகள் இரண்டு விதமாக உடைந்திருந்தன. சங்கீதப் பாட்டின் அடி முடிகிற இடத்தில் உடைவது ஒன்று. அதற்கு ஒரு குறி உண்டு. தட்டச்சு செய்தவருக்குத் திரையில் இடம் தீர்ந்துபோனதால் சும்மா உடைந்தது இன்னொன்று. சும்மா உடைந்ததை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. அடி முடிவு போயிற்று, அதிகாரம் முடிகிற இடமும் போயிற்று. பிறகு முற்றுப்புள்ளி வந்த இடத்தில் எல்லாம் வெட்டித் திரையில் ஏற்றினேன். முதல் இரண்டு துண்டுகளைச் சரிபார்த்தேன், மிக அழகாக இருந்தன. மூன்றாவதை நான் பார்க்கவில்லை அத்தை.

உங்களுக்கு எங்கள் பழக்கம் புதிது. பெண் வீட்டார் ஒரு வரி, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரி என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாசிப்போம். திரையில் எழுத்து இருக்கும்வரை எங்கள் ஆட்கள் நிறுத்தவே மாட்டார்கள். நடுவில் வந்த ‘எல்லாரும் எழுந்து நிற்கவும்’ சபைக்கான குறிப்பு, வாசிப்பதற்கானது இல்லை. தனி வரியில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். பாட்டோடு ஒட்டிக்கொண்டதால் எங்கள் பக்கம் மொத்தமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘எல்லாரும் எழுந்து நிற்கவும்’ என்று பக்தியோடு முழங்கியது. உங்கள் பக்கம்தான் எழுந்து நின்றது. நேற்று அங்கே வேதம் சொன்னபடி நடந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். வீடு, பிள்ளைகள், சமாதானம், அவ்வளவுதான் கல்யாண வாசகம். முடிவுதான் காணாமல் போய்விட்டதே, அடுத்த அதிகாரம் நேராக உள்ளே வந்துவிட்டது. அது பகைவர்களைப் பற்றியது. ஆண்டவரே, எங்களை வாட்டுகிற இவர்களை வந்த வழியே விரட்டிவிடும் என்ற பொருளில் ஒரு வரி. அதை எங்கம்மா, சித்தி, கோயரில் பாடும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, காப்பாரிலிருந்து பஸ் பிடித்து வந்த உங்க முகத்தைப் பார்த்து வாசிச்சாங்க! அடுத்த வரி உங்க பக்கத்துக்கு. உங்க அண்ணன் கமலநாதன் அங்கிள் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, வந்த இடத்து மரியாதைக்காக, “அப்படியே ஆகட்டும்”னு எல்லாரையும் விடச் சத்தமா வாசிச்சாரு.

நான் பின்னாடி கம்ப்யூட்டர்கிட்ட கல்லு மாதிரி நிக்கிறேன். மைக் பார்க்கிற ஜீவன் அண்ணன் ஓடி வந்து, “ஏய், ஆஃப் பண்ணுலா!”ன்னாரு.

“எதை அண்ணே?”

“எல்லாத்தையும்!”

நான் அமுக்கினது அடுத்த துண்டு. அது முந்தினதைவிட மோசம்.

அப்பதான் நீங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெளியே போனீங்க. உங்க தோள் குலுங்கினதை நான் பார்த்தேன் அத்தை. அப்புறம் நீங்க உள்ளே வரவே இல்லை. கிஷன் அத்தான் வாசலையே பார்த்துக்கிட்டு அக்காவோட நடுவிரல்ல மோதிரத்தைப் போட்டாரு.

வர்ற ஞாயிறு உங்க கோயில்ல தாலி கட்டு. நீங்கதான் தாலி எடுத்துக் கொடுக்கணும். அக்கா ஃபோனை அணைச்சுப் போட்டுட்டு ரூமுக்குள்ளயே இருக்கா. “நம்ம ஆளுங்களே விரட்டிவிட்ட பிறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிப்பேன்?”னு கேக்குறா. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, எதிர்ல வந்து நிக்கிறேன். அவளை மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.

நீங்கள் கும்பிடும் அம்மனும் நாங்கள் ஜெபிக்கும் ஆண்டவரும் இந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போகட்டும். வீட்டில் பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
சுகிர்தா

பி.கு.: உறையை ஒட்டும்போது கிஷன் அத்தான் வந்துவிட்டார். “கோவமா? அம்மாவா? சிரிப்பை அடக்க முடியாம பஸ்ல போய் உக்காந்தவங்க காப்பார் வர்ற வரைக்கும் சிரிச்சாங்க” என்கிறார். இன்று காலையிலும் சாமி கும்பிடும்போது பாதியில் சிரித்தீர்களாமே. மேலே எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அத்தை, அந்த விரட்டுகிற அதிகாரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய எழுத்தில் வேண்டும், உங்கள் ஓரகத்தி வீரம்மா வீட்டார் வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்களே! அனுப்புகிறேன். அவர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.